உத்தரத்தில் ஆளுக்குப் பாதி

திருச்சுழி,
14-9-2025

தம்பி ஜெயக்குமாருக்கு,

அக்கா கோகிலாம்பாள் எழுதுவது. உன் சுகத்தை விசாரிக்க இதை எழுதவில்லை. திருப்பூரில் கடை, சொந்த வீடு என்று இருக்கிறவனுக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது?

புதன்கிழமை என் மகள் சுவாதிக்கு வளைகாப்பு நடந்தது. தாய்மாமன் சீர்த்தட்டு வைக்க ஓர் இடம் விட்டிருந்தோம். கடைசிவரை அது காலியாகவே கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்குக் காது குத்தியது உன் மடியில் வைத்துத்தான். அதையாவது நீ நினைத்துப் பார்த்திருக்கலாம்.

எழுதுவதற்கு முன்னால் பூசாரி தனுஷ்கோடியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். வீட்டைப் பாகம் பிரித்த அன்று நாம் இருவரும் கருப்பசாமி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தோமே, அதில் கடிதம் எழுதுவது சேருமா என்று. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன்ல சத்தம் வருதும்மா, அது பேச்சுதான். வாட்ஸப்பும் அதே டப்பாக்குள்ள இருந்துதான வருது. தபால்ல வாரது காயிதம். காயிதத்துக்கு வாய் கிடையாது."

அன்று நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 'இவகூடப் பேசுனாலோ, இவ வாசப்படிய மிதிச்சாலோ, இந்தக் கை வெளங்காமப் போகட்டும்' என்று வலது கையால் சூடத்தை அணைத்தாய். நான் என் வயிற்றில் பிறந்ததை வைத்துச் சொன்னேன். உன் அத்தான் போனபிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளை வைத்துச் சத்தியம் செய்த வாயை என்ன செய்வது? இப்போது அவள் பிரசவத்துக்கு வந்து, பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். அந்தச் சொல் எனக்குள்ளே கிடந்து உருளுகிறது.

விஷயம் இதுதான். பூட்டிக் கிடக்கிற உன் பாதியில் யாரோ இருக்கிறார்கள். கூடத்தின் நடுவில் நாம் எழுப்பிய சுவர் வெள்ளைக்காரன் அடுப்பையும் இரண்டாகப் பிரித்தது அல்லவா? மேலே புகைக்கூண்டு மட்டும் இன்னும் ஒன்றுதான். அதன் வழியாகச் சத்தம் வருகிறது. எதையோ இழுக்கிற சத்தம். அப்புறம் நின்றுவிடுகிறது. சாவி யாரிடம் கொடுத்திருக்கிறாய்?

கோகிலாம்பாள்


திருப்பூர்,
19-9-2025

அக்காவுக்கு,

சீர் அனுப்பாததற்குக் காரணம், அழைப்பு வரவில்லை. பத்திரிகை அனுப்பவும் பூசாரியிடம் உத்தரவு கேட்டிருக்கலாமே? அதற்கும் வாய் கிடையாது.

சத்தம் மரநாயாக இருக்கும். அப்பா காலத்திலேயே அந்தப் புகைக்கூண்டில் மரநாய் குட்டி போட்டிருக்கிறது. நம் பூட்டனார் மதுரையில் ஒரு துரை பங்களாவைப் பார்த்துவிட்டு வந்து, அதேபோல வளைவு ஜன்னலும் குளிர்காய அடுப்பும் வைத்தார். மார்கழியில்கூடப் போர்வை தேவைப்படாத ஊரில் குளிர்காய்கிற அடுப்பு! அதில் ஒருநாளும் நெருப்பு வைத்ததில்லை. எலிக்கும் மரநாய்க்கும்தான் அது ஆகிவந்தது. தாத்தா கூடத்துக்கு மேலே மிளகாய் மூட்டை அடுக்க மச்சுப் போட்டார். அப்பா வளைவு ஜன்னலை அடைத்துச் சிமெண்டு பூசினார். கடைசியில் நீ வந்து பாதி கேட்டாய். ஆளாளுக்கு ஒரு கை வைத்த வீடு அது, சத்தம் வராமல் என்ன செய்யும்?

பாதி கொடுத்தாகிவிட்டது. சட்டப்படி கொடுத்தேன். கூடத்துத் தூண் எட்டில் உனக்கு நாலு, எனக்கு நாலு. குறுக்கே போகிற தேக்கு உத்தரம் ஒரே மரம், அதைப் பிரிக்க முடியாது என்று எல்லாரும் சொன்னபோதும், அதிலும் ஆளுக்குப் பாதி என்று பத்திரத்தில் எழுதச் சொன்னவள் நீ. உன் பாதியில் நீ என்ன செய்கிறாய் என்று நான் கேட்டதில்லை. என் பாதியை நீயும் கேட்காதே.

சுவாதி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். உன் தம்பி பெண்டாட்டி பிருந்தாவும் அவளைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

ஜெயக்குமார்


திருச்சுழி,
26-9-2025

ஜெயக்குமாருக்கு,

மரநாய் இருமுமா?

நேற்று மத்தியானம் சுவாதி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். நான் அடுப்பு இருந்த மாடத்துப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஆண்பிள்ளை இருமல் கேட்டது. தொண்டையைச் செருமி, காறித் துப்பிய சத்தம். விளக்குமாறு கையைவிட்டு விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருமல் இருந்தது. நீ சிரிப்பாய், சிரி.

இன்னொன்றும் நடக்கிறது. சுவாதி படுக்கிற அறை, கூடத்தில் என் பாதியைத் தடுத்து நான் புதிதாகக் கட்டியது. அந்த உத்தரம் அதன் மேலேதான் போகிறது. உன் சுவருக்குள் அது நுழைகிற இடத்தில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்துக்கு நேர் கீழே, கட்டில் கால்மாட்டில், தினமும் காலையில் மஞ்சள் நிறத்தில் மெல்லிசாக ஒரு தூள் கிடக்கிறது. துடைத்தால் சாயங்காலம் திரும்பவும் கிடக்கிறது. அந்த அறைக் கதவும் ஒரு வாரமாகச் சரியாகச் சாத்தவில்லை. இழுத்தால் தரையில் உரசி நிற்கிறது. புதுக் கதவு அது.

தூளைப் பார்த்துவிட்டு மாயக்காள் கையை உதறினாள். நமக்குப் பாத்திரம் கழுவ வருகிறவள், சின்னதைப் பெரிசாக்குகிறவள்தான். ஆனாலும் அவள் சொன்னது என்னை அரிக்கிறது. "வயித்துப் புள்ளக்காரி கால்மாட்டுல மஞ்சத்தூளு தானா வராதுக்கா. யாரோ செஞ்சு வச்சிருக்காக" என்றாள்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நீ ஏதாவது செய்வினை வைத்தாயா? என்மேல் கோபம் இருந்தால் என்னை எடுத்துக்கொள். அவள் உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள். அவளை விட்டுவிடு.

கோகிலாம்பாள்


திருப்பூர்,
1-10-2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். செய்வினையா? சுவாதிக்கா? நான் என்ன மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்? பாதி வீடு போனது பெரிதில்லை. இந்த ஒரு வரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இருமியது அப்பா இல்லை. உயிரோடு இருக்கிற ஆள்தான். என் பங்கு மரச்சாமான் முழுவதையும் ஒரு பழைய மர வியாபாரிக்குப் பேசிக் கொடுத்துவிட்டேன். மேற்குத் தெருப் பக்கத்து வாசல் சாவி அவரிடம் இருக்கிறது. தூண், கதவு, நிலை எல்லாம் கழற்றுகிறார்கள். தூண் நாலும் போன வாரமே லாரியில் ஏறிவிட்டன. அந்த வீட்டில் நான் இனி வாழப்போவதில்லை. பூட்டிப் போட்டுக் கரையானுக்குக் கொடுப்பதற்கு வியாபாரிக்குக் கொடுத்தேன். என் பங்கு, என் இஷ்டம். முன்பே சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லத்தான் வழி இல்லையே, கருப்பனுக்கு முன்னால் அடைத்துவிட்டு வந்தோமே.

வீடு விழுந்துவிடும் என்று ஊரைக் கூட்டாதே. நான் யோசிக்காமல் செய்யவில்லை. உத்தரம் ஒரே மரம். உன் பக்கத்துத் தூண் நாலும் உன் கீழைச் சுவரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் பக்கத்துத் தூண் போனதால் உனக்கு ஒரு ஓடுகூட அசையாது.

ஜெயக்குமார்


திருச்சுழி,
8-10-2025

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் நிம்மதியாக மூச்சு வந்தது. மனுஷ இருமல்தான். மாயக்காளைக் கூப்பிட்டுத் திட்டினேன். உன்னிடமும் அந்த வரிக்காக வருத்தம் தெரிவித்து எழுத உட்கார்ந்தேன். அதற்காக இன்னொரு தடவை படித்தேன்.

என் பக்கத்துத் தூண் தாங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தூண்?

போன தை மாதம், சுவாதி உண்டாவதற்கு முன்னாலேயே, அந்த அறையைக் கட்டினேன். மாப்பிள்ளை வந்தால் தங்க வேண்டுமே, உள்ளேயே குளியலறையும் வேண்டுமே என்று. நாலு தூணும் அறைக்கு நடுவில் நின்று இடத்தை அடைத்தன. கொத்தனார் ரத்தினம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உத்தரம் ஒத்த மரம்மா. அந்தப் பக்கம் தம்பி தூணு நாலு நிக்குதுல்ல, அது தாங்கிக்கிரும்." எடுத்துவிட்டோம். தூண்கள் கொல்லையில் கிடக்கின்றன. குளியலறைக்காக மேலே தண்ணீர்த் தொட்டியும் வைத்தோம், மச்சு மேலேயே.

நான் உன் தூணை நம்பினேன், நீ என் தூணை நம்பியிருக்கிறாய். அப்படியென்றால் அந்த மரம் இப்போது எதன்மேல் நிற்கிறது? நடுவில் நாம் எழுப்பிய அந்த ஒற்றைக்கல் சுவர்மேலா?

முந்தாநாள் இங்கே மழை. மச்சு மண் நனைந்து கனத்திருக்கும். ரத்தினம் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். வேறு யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது என்று தெரியவில்லை. இரவில் சுவாதியை அடுப்படியில் படுக்க வைக்கிறேன். காரணம் சொல்லவில்லை, வயிற்றில் பிள்ளையோடு பயந்துவிடுவாள். பகலில் கேட்க மாட்டேன் என்கிறாள். மின்விசிறியும் குளியலறையும் அங்கேதானே இருக்கின்றன. அவள் உள்ளே போகும்போதெல்லாம் நான் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தூள் இன்னும் விழுகிறது. இப்போது கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். மருந்து வாசனை இல்லை. புதுக்கதவு வாங்கினால் ஒரு வாசனை வருமே, அது.

பயப்பட வேண்டாம் என்று ஒரு வரி எழுது. பொய்யாக இருந்தால் எழுதாதே.

அக்கா


திருப்பூர் பஸ் ஸ்டாண்ட்,
13-10-2025

அக்கா,

உன் கடிதம் இன்று பகல்தான் வந்தது. அது ரம்பத் தூள். அவர்கள் உத்தரத்தை அறுக்கிறார்கள்.

வியாபாரியைப் போனில் பிடித்தேன். நிறுத்தச் சொன்னேன். "பத்திரத்துல பாதி ஒங்களுதுன்னுதான இருக்கு? பாதியத்தான் அறுக்கோம். கொஞ்சம்தான் பாக்கி, காலையில லாரி வருது" என்று வைத்துவிட்டார். அதன்பிறகு எடுக்கவில்லை.

உன்னைக் கூப்பிட்டேன். சத்தியத்தை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். நீ வெட்டிவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், வெட்டினாய். சுவாதி போன் அணைந்திருக்கிறது. பூசாரி தனுஷ்கோடி நரிக்குடிப் பக்கம் கிடாவெட்டுக்குப் போயிருக்கிறாராம், அவர் வீட்டில் சொல்லி வைத்தேன், சொன்னார்களோ இல்லையோ.

இந்தக் கடிதம் உனக்கு எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். எழுதி என்ன பிரயோசனம் என்றும் தெரியும். பஸ் கிளம்ப நேரம் இருக்கிறது, சும்மா உட்கார முடியவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு இருக்கிற ஒரே வழி இதுதான்.

அவளை அந்த அறைக்குள் விடாதே. அக்கா, அவளை உள்ளே விடாதே.

ஜெயக்குமார்


திருச்சுழி,
18-10-2025

தம்பி,

பஸ் ஸ்டாண்டில் நீ போட்ட கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் இடிந்து கிடக்கிற முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொல்லை வழியாக வந்து கொடுத்தார். 'அவளை உள்ளே விடாதே' என்பதை அந்தக் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்து படித்தேன்.

அன்று உன் பேர் போனில் வந்தபோது என் கைதான் வெட்டியது. எடுத்தால் பேச வேண்டும், பேசினால் சுவாதிக்கு ஆகாது. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீ அவளைக் கூப்பிடுவாயோ என்று பயந்து, அவள் போனையும் வாங்கி அணைத்துப் பரணில் போட்டேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்தேன்.

நீ வந்தபோது அவள் உள்ளே குளித்துவிட்டு வந்து கதவை இழுத்துக்கொண்டிருந்தாள். கதவு வரவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று நான் கடப்பாரை தேடினேன். அப்போதுதான் நீ செருப்புக் காலோடு என் வாசற்படி ஏறி ஓடிவந்தாய். சண்டைக்கு வருகிறாய் என்று நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கதவில் தோளைக் கொடுத்து மோதினாய். ஓர் ஆள் நுழைகிற அளவு திறந்தது. மேல் நிலையை வலது கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, இடது கையால் அவளைப் பிடித்து இழுத்தாய். அவள் உன் கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள். மேலேயிருந்து மூட்டை பிரிந்ததுபோல மண் கொட்டியது. உத்தரம் சாய்வதை நான் பார்த்தேன்.

"ஜெயா, கைய எடுடா."

நான்தான் கத்தினேன். என் வாயால் கத்தினேன். நீ எடுப்பதற்குள் அது வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி கடைசியாக விழுந்து, எல்லாவற்றின்மேலும் தண்ணீர் ஓடியது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நீ என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவையும் பேசிவிடக் கூடாது என்று. மதுரை ஆஸ்பத்திரிக்கும் நான் வராதது அதனால்தான். பிருந்தா என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. வாசற்படியை மிதித்தால் கை விளங்காமல் போகட்டும் என்றாய். மிதித்தாய், கை போனது. நீ சொன்னதைக் கருப்பன் கேட்டிருக்கிறான் என்றால், நான் சொன்னதையும் கேட்டிருப்பானே? நானும் பேசிவிட்டேனே. சுவாதி நன்றாகத்தான் இருக்கிறாள், சிராய்ப்புகூட இல்லை. ஆனால் நேற்றிலிருந்து பிள்ளை துடிப்பு குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறாள். நான் கத்தியது பேச்சில் சேருமா என்று தனுஷ்கோடியிடம் கேட்கப் போய்விட்டுப் பாதி வழியில் திரும்பிவிட்டேன். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

அக்கா


திருப்பூர்,
29-10-2025

அக்கா,

சொல்வது நான், எழுதுவது பிருந்தா.

மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. கல்லாவில் இடது கையால் சில்லறை கொடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இது கருப்பன் வேலை இல்லை. அவன் எடுத்திருந்தால் முழுக் கையையும் எடுத்திருப்பான், அரைகுறையாக வேலை செய்கிற சாமியா அவன்? என் விரலை எடுத்தது மரம். அந்த மரத்துக்கு அடியில் இருந்ததையெல்லாம் எடுத்தது நாம் இரண்டு பேர். பூட்டனார் வைத்த வீட்டில் தாத்தா கை வைத்தார், அப்பா கை வைத்தார், அது நின்றது. அவர்கள் வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே செய்தார்கள்.

பிள்ளை துடிப்பை டாக்டரிடம் காட்டு. பூசாரியிடம் காட்டாதே. பயமாக இருந்தால் பிரசவம் முடியும்வரை பேச வேண்டாம். நான் காத்திருக்கிறேன்.

ஜெயக்குமார்

மதினி, இது நானாக எழுதுவது, இவுகளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் இவுக கையைப் பார்க்கவில்லை. "நாலு வருசம் கழிச்சு அக்கா எங்கூடப் பேசிருச்சு" என்றுதான் சொன்னாக. - பிருந்தா


திருச்சுழி,
20-11-2025

தம்பி ஜெயாவுக்கு,

திங்கட்கிழமை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் சுவாதிக்குப் பெண் பிறந்தது. நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. வலி எடுத்ததிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினேன், ஊமை என்று நினைத்திருப்பாள்.

பிறந்ததும் அழவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. போச்சு, நான் கத்திய கத்தலுக்கு இதுதான் கூலி என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அழுதாள். ஆஸ்பத்திரியே எழுந்து பார்க்கிற மாதிரி அழுதாள்.

கையில் கொடுத்ததும் துணியை விலக்கி விரல்களைத்தான் எண்ணினேன். கை பத்து, கால் பத்து. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன்.

கருப்பன் அந்தக் கத்தலைப் பேச்சில் சேர்க்கவில்லையா, சேர்த்துவிட்டு மன்னித்தானா, இல்லை நீ சொன்னதுபோல எல்லாம் மரத்தின் வேலைதானா, எனக்குத் தெரியவில்லை. பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் அவள் தூங்கும்போது மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். ஆனால் பேசாமல் இருந்ததற்கு என்ன நடந்தது என்றும் பார்த்துவிட்டேன். இந்தப் பயம் அந்தப் பயத்தைவிடச் சின்னதுதான்.

கொல்லையில் கிடந்த என் தூண் நாலையும் வைத்து, மிச்சம் நிற்கிற பாதிக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. நடுச் சுவர் தானாகவே போய்விட்டது. அடுப்பு மாடம் மட்டும் இரண்டு பக்கமும் திறந்து முழுசாக நிற்கிறது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பிருந்தாவையும் எழுத வைக்காதே. கடிதம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று பார்த்து, செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். மூத்தவள் நான், முதலில் நான் பேசுகிறேன்.

போன் அடிக்கும். இடது கையால் எடு.

அக்கா